உருக்கப் போகும் முன் ஒரு பார்வை: சான்று பெற்ற அபூர்வத் தங்கக் காசுகள் சேர்க்க முழுமையான வழிகாட்டி

திருநெல்வேலிச் சீமையில் பழைய தங்கக் காசுகள் கள்வர் கையில் போனதை விட நகைக்கடை உருக்கில் போனதுதான் அதிகம் என்பது என் எண்ணம். மகளுக்குக் கல்யாணம் கூடி வருகிறது. ஆச்சியின் காசுமாலையை எடுத்துக்கொண்டு ரத வீதிக்குப் போகிறோம். கடையில் எடை போடுகிறார்கள், கழிவு போக இன்றைய விலை சொல்கிறார்கள், மாலை உள்ளே போய்விடுகிறது. அதில் கோத்திருந்த காசுகள் எந்த ஆண்டில் அடித்தவை, எந்த ஊர் அக்கசாலையில் அடித்தவை என்று யாரும் பார்ப்பதில்லை. கொற்கைக்குப் பக்கத்தில் அக்கசாலை என்றே ஓர் இடம் இருக்கிற மண் இது. பாண்டியர் துறைமுகத்தை ஒட்டிக் காசு அடித்த இடம் அது. அப்படிப்பட்ட ஊர்க்காரர்கள் காசைக் காசாகப் பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று எனக்கு உண்மையாகவே ஆசை.

தங்கத்தில் முதலீடு செய்வது எப்படி என்று இதில் சொல்லப்போவதில்லை. அதற்கு வங்கியும் நகைச்சீட்டும் இருக்கின்றன. அபூர்வமான தங்க நாணயத்தை அடையாளம் காண்பது, சான்றோடு வாங்குவது, சட்டத்துக்கு உட்பட்டு வைத்திருப்பது, தேவைப்பட்டால் விற்பது, இவற்றைத்தான் வரிசையாகச் சொல்கிறேன்.

வீட்டில் இருப்பதில் தொடங்குங்கள்

நம் பக்கத்து வீடுகளில் கிடைக்கும் பழைய தங்கக் காசு பெரும்பாலும் பிரிட்டிஷ் சவரன்தான். 1899-ல் ஒரு சவரனுக்கு 15 ரூபாய் என்று நிர்ணயித்து அதை இந்தியாவிலும் செல்லும் பணமாக்கினார்கள். கொழும்புக்கும் ரங்கூனுக்கும் வியாபாரத்துக்குப் போன குடும்பங்களிலும் இந்தக் காசு வந்து சேர்ந்தது. எடை 7.988 கிராம், விட்டம் 22.05 மில்லிமீட்டர், தடிமன் 1.52 மில்லிமீட்டர். 22 காரட். அதாவது சுத்தத் தங்கம் மட்டும் 7.32 கிராம்.

முதலில் தலையைப் பாருங்கள். இளம் வயது விக்டோரியா என்றால் 1838-லிருந்து 1887 வரை. சிறு கிரீடம் வைத்த நடுவயது விக்டோரியா 1887 முதல் 1893 வரை. முக்காடிட்ட முதிய விக்டோரியா 1893 முதல் 1901 வரை. தாடியோடு வலப்பக்கம் பார்க்கும் ஏழாம் எட்வர்ட் 1902 முதல் 1910 வரை. தாடியோடு இடப்பக்கம் பார்க்கும் ஐந்தாம் ஜார்ஜ் 1911 முதல். நம் ஊரில் அதிகம் தட்டுப்படுவது கடைசி இரண்டும்தான்.

பின்புறத்தில் குதிரை மேல் இருந்து பாம்பு போன்ற ஒரு மிருகத்தைக் குத்தும் வீரன் இருப்பார். அது புனித ஜார்ஜ். வடித்தவர் இத்தாலியரான பெனடெட்டோ பிஸ்ட்ரூச்சி. அவர் பெயரின் முதலெழுத்துகளான 'பி.பி.' ஆண்டு எண்ணுக்கு வலப்பக்கம் பொடியாக இருக்கும். இளம் விக்டோரியா காசுகளில் ஒரு வகைக்குப் பின்புறம் குதிரை இருக்காது, கேடயம் இருக்கும். அதைப் பார்த்துப் போலி என்று நினைத்துவிடாதீர்கள்.

இனி இந்த வழிகாட்டியிலேயே முக்கியமான இடம். நகை ஆசாரிகள் வைத்திருக்கும் பத்து மடங்கு லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஐந்தாம் ஜார்ஜ் காசில், குதிரையின் காலுக்குக் கீழே ஓடும் தரைக்கோட்டில், ஆண்டு எண்ணுக்கு நேர் மேலே, ஒரு குட்டி எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். எஸ் என்றால் சிட்னி, எம் மெல்போர்ன், பி பெர்த், சி கனடாவின் ஒட்டாவா, எஸ்ஏ தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியா, ஐ என்றால் நம் பம்பாய். எழுத்தே இல்லாவிட்டால் லண்டன்.

இந்தக் கடுகளவு எழுத்தில்தான் விலை தலைகீழாக மாறும். 1917-ஆம் ஆண்டு சவரனில் ஆஸ்திரேலிய அக்கசாலை எழுத்து இருந்தால் அது சாதாரணக் காசு. அதே 1917, எழுத்து இல்லாமல் லண்டனில் அடித்தது என்றால் மிக அபூர்வம். அபூர்வம் என்பதாலேயே அதில் போலியும் அதிகம், எழுத்தைச் சுரண்டி எடுத்து லண்டன் காசாக்குகிற வேலையும் நடக்கும். சான்றில்லாத 1917 லண்டன் சவரனை யார் நீட்டினாலும் நான் கை வைக்க மாட்டேன்.

1918-க்கு இன்னொரு கதை. முதல் உலகப் போரில் தங்கத்தைக் கப்பலில் அனுப்புவது ஆபத்தாகிவிட்டது. அதனால் லண்டன் ராயல் மின்ட் பம்பாயில் ஒரு கிளை திறந்தது. அங்கே 12,95,372 சவரன்கள் அடித்தார்கள். எல்லாவற்றிலும் 1918 என்ற ஆண்டும் 'ஐ' எழுத்தும் இருக்கும். 1919-ல் கிளையை மூடிவிட்டார்கள். அந்த 1918-ல் லண்டனில் சவரன் அடிக்கவே இல்லை. ஆகவே 1918 என்று ஆண்டு போட்டு, எழுத்தே இல்லாத காசு ஒன்று உங்கள் காசுமாலையில் இருந்தால், அது ராயல் மின்ட் காசு அல்ல. உள்ளூர் அச்சில் நல்ல தங்கத்திலேயே அடித்ததாக இருக்கலாம். தங்கத்துக்கு விலை உண்டு, காசுக்குக் கிடையாது.

சவரன் அச்சுகள் தயாராவதற்குள் அதே பம்பாயில் அதே எடையில் '15 ரூபாய்' என்று பொறித்த தங்கக் காசும் 1918-ல் வந்தது. இதைச் சிலர் பதக்கம் என்று நினைத்து உருக்கிவிடுகிறார்கள். தயவுசெய்து பார்த்துச் செய்யுங்கள்.

செங்கோட்டைப் பக்கத்து வீடுகளை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். 1956 வரை செங்கோட்டை திருவிதாங்கூரோடு இருந்த ஊர். அங்கே பழைய பெட்டிகளில் 'பணம்' எனப்படும் குட்டித் தங்கக் காசுகள் கிடைக்க வாய்ப்புண்டு. அரை கிராமுக்கும் குறைவாக, விரல் நகத்தில் ஒட்டிக்கொள்கிற அளவில் இருக்கும். பொட்டு என்று நினைத்துக் குப்பையில் போடுகிற அளவுக்குச் சின்னது.

உரசாமல் சோதிக்கும் முறை

உரைகல்லில் ஒரு கோடு போட்டாலே சேகரிப்பாளருக்கு அந்தக் காசின் மதிப்பு இறங்கிவிடும். கடையில் கொடுக்கும்போதே, "அண்ணாச்சி, உரசாதீங்க, மிஷின்ல மட்டும் வச்சுப் பாருங்க" என்று சொல்லிவிடுங்கள். எக்ஸ்ரே கேரட் மீட்டர் இருக்கும் கடைகள் நெல்லை, தூத்துக்குடி, தென்காசி எல்லாவற்றிலும் உண்டு. சவரனில் தங்கம் ஏறத்தாழ 91.6 சதவீதமும் மீதி பெரும்பாலும் செம்பும் காட்ட வேண்டும். துத்தநாகம், காட்மியம் எல்லாம் தெரிந்தால் பற்றவைப்பு நடந்திருக்கிறது, அல்லது காசே பின்னால் செய்தது என்று சந்தேகப்படுங்கள். மெஷின் மேற்பரப்பை மட்டும்தான் படிக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

வீட்டிலேயே செய்யக்கூடிய நல்ல சோதனை ஒன்று உண்டு. 0.01 கிராம் வரை காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு, ஒரு கண்ணாடித் தம்ளர் தண்ணீர், ஒரு நூல் போதும். முதலில் காசைத் தனியாக நிறுங்கள். அதிகம் தேயாத சவரன் 7.98 பக்கத்தில் வரும். சட்டப்படி புழக்கத்தில் இருக்கக் குறைந்த எடை 7.938 கிராம் என்று வைத்திருந்தார்கள், அதற்கும் கீழே போனால் நிறையத் தேய்ந்த காசு, அல்லது ஓரம் அராவிய காசு. அப்புறம் தண்ணீர்த் தம்ளரைத் தராசில் வைத்துப் பூஜ்ஜியம் ஆக்குங்கள். காசை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் தொடாமல், முழுக்க மூழ்கும்படி தொங்கவிடுங்கள். தராசு காட்டும் எண்ணால் காசின் எடையை வகுத்தால் அடர்த்தி வரும். 22 காரட் தங்கமும் செம்பும் கலந்த காசுக்கு 17.5 முதல் 17.8-க்குள் வர வேண்டும். சவரன் என்றால் தராசில் 0.45 காட்டும். 0.60, 0.80 என்று காட்டினால் அது 22 காரட் தங்கம் இல்லை.

எடையும் அடர்த்தியும் சரியாக இருப்பதால் மட்டும் காசு அசல் ஆகிவிடாது. 1950-களிலும் அறுபதுகளிலும் லெபனானின் பெய்ரூட்டில் முழுத் தங்கத்திலேயே போலி சவரன்கள் அடித்தார்கள். தங்கம் சரியாக இருக்கும், எழுத்து மழுங்கியிருக்கும், குதிரையின் கால் குழம்பியிருக்கும். இந்த இடத்தில்தான் நிபுணரின் சான்று தேவைப்படுகிறது.

சோதனை முடிந்ததும் துடைக்கவேண்டாம். மென்மையான துணியை வைத்து ஒற்றி எடுத்து, உலரவிடுங்கள். பூந்திக்கொட்டைத் தண்ணீரில் போட்டுத் தேய்ப்பது, புளி, பல்பொடி, நகைக்கடைத் திரவம் எல்லாம் நகைக்கு சரி, காசுக்கு ஆகாது. பளபளப்பு வரும். அந்தப் பளபளப்பிலேயே காசு கழுவியது என்று கண்டுபிடித்துவிடுவார்கள்.

தங்கத்துக்கு எவ்வளவு, காசுக்கு எவ்வளவு

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. பத்திரிகையில் தினமும் வரும் பவுன் விலை எட்டு கிராம் 22 காரட் தங்கத்தின் விலை. சவரன் 7.988 கிராம், அதே 22 காரட். ஆகவே காலையில் பேப்பரில் பார்க்கும் விலைதான், ஏறத்தாழ, உங்கள் கையில் இருக்கும் சவரனின் உலோக மதிப்பு. அதற்கு மேல் விற்பவர் கேட்கும் ஒவ்வொரு ரூபாயும் காசின் அபூர்வத்துக்கும் தரத்துக்கும் சான்றுக்கும் கேட்பது. அந்தக் கூடுதலை எப்போதும் தனியாக எழுதிப் பாருங்கள். பவுன் விலையின் பத்தில் ஒரு பங்கு கூடுதலா, ஒரு மடங்கு கூடுதலா, பத்து மடங்கா என்று தெரிந்தால்தான் எவ்வளவு துணிகிறோம் என்பது புரியும். தங்க விலை ஏறினால் உலோக மதிப்பு ஏறும். கூடுதலும் சேர்ந்து ஏறும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தங்கம் வேகமாக ஏறும்போது சாதாரணக் காசுகளின் கூடுதல் கரைந்துபோவதும் உண்டு.

தொடக்கத்தில் கூடுதல் குறைவான காசுகளை வாங்குவதே நல்லது. அதில் தவறிப்போனாலும் தங்கம் கையில் நிற்கும்.

சான்று என்றால் எந்தச் சான்று

மூன்று வகைத் தாள்களை ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். ஹால்மார்க் என்பது தங்கத்தின் மாற்றுக்கு மட்டும் உத்தரவாதம். 2023 ஏப்ரல் 1 முதல் நகைகளில் ஹெச்யுஐடி எனப்படும், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இட அடையாளக் குறி இல்லாமல் விற்கக்கூடாது, அதை இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் சரிபார்க்கலாம். அது நல்ல ஏற்பாடு. ஆனால் காசு அசலா, எந்த ஆண்டு, எந்தத் தரம் என்று அது சொல்லாது. பழைய காசில் ஹால்மார்க் பொறிக்கச் சொல்லவே சொல்லாதீர்கள், பொறித்த நிமிடத்தில் அது அடிபட்ட காசாகிவிடும். இரண்டாவது, விற்பவரே கையெழுத்துப் போட்டுத் தரும் தாள். அதற்கு அந்த ஆளின் நாணயம் எவ்வளவோ அவ்வளவுதான் மதிப்பு.

மூன்றாவதுதான் சேகரிப்பாளர்கள் சொல்லும் சான்று. வாங்குபவர், விற்பவர் இருவரும் அல்லாத மூன்றாம் நிறுவனம் காசைப் பார்த்து, அசல் என்று உறுதி செய்து, தரம் போட்டு, பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து மூடி முத்திரையிட்டுத் தருவது. அந்தப் பெட்டியைத்தான் 'ஸ்லாப்' என்கிறோம். உலகம் முழுக்க ஏற்கப்படும் இரண்டு பெயர்கள் அமெரிக்காவின் பிசிஜிஎஸ், என்ஜிசி. முதலாவது 1986-லும் அடுத்தது 1987-லும் தொடங்கியவை. இவை இரண்டும் அல்லாத ஸ்லாப்புக்குக் கூடுதல் விலை கொடுக்கும் முன் நூறு முறை யோசிக்க வேண்டும். யார் வேண்டுமானாலும் பிளாஸ்டிக் பெட்டி செய்யலாம்.

தரம் 1 முதல் 70 வரை எண்ணாகப் போடப்படும். வில்லியம் ஷெல்டன் என்பவர் 1949-ல் அமெரிக்கச் செப்புக் காசுகளுக்காக வகுத்த அளவுகோல் இது. 60 முதல் 70 வரை எம்எஸ், அதாவது புழங்காத காசு. 50 முதல் 58 வரை ஏயு, மேடான இடங்களில் மட்டும் லேசாகத் தேய்ந்தது. 40, 45 எக்ஸ்எஃப். 20 முதல் 35 வரை விஎஃப், நன்றாகவே புழங்கியது. பளிங்குபோல் அடிக்கும் சிறப்புக் காசுகளுக்கு மட்டும் பிஎஃப் அல்லது பிஆர் என்று வரும்.

எண் இல்லாமல் 'டீடெயில்ஸ்' என்று எழுதியிருந்தால் கவனம் தேவை. காசு அசல்தான், ஆனால் கழுவியது, அராவியது, ஓட்டையை அடைத்தது, நகையில் பற்றவைத்திருந்தது என்று பொருள். நம் சீமையில் இதைச் சொல்லியே ஆக வேண்டும். இங்குள்ள பழைய சவரன்களில் கணிசமானவை காசுமாலையிலோ பதக்கத்திலோ இருந்தவை. காசின் ஓரத்தைச் சுற்றி லென்ஸில் பாருங்கள். ராஜா தலைக்கு நேர் மேலே பற்றவைத்த தழும்பு, அங்கே மட்டும் ஓரப் பற்கள் அழிந்திருப்பது, அந்த இடம் மட்டும் நிறம் மாறியிருப்பது, இவை வளையம் இருந்ததன் அடையாளம். அப்படிப்பட்ட காசுக்கு எண் தரம் கிடைக்காது. சாதாரண ஆண்டு என்றால் தங்க விலைக்கு மேல் கொடுக்கத் தேவையில்லை. மிக அபூர்வமான ஆண்டு என்றால் டீடெயில்ஸ் காசுக்கும் ஆள் இருப்பார்கள்.

காசுமாலையை மாலையாகவே வைத்திருக்கும் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. வளையத்தை அறுத்து எடுத்துக் காசைத் தனியாக்கினால் மதிப்பு கூடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். தழும்பு போகாது, மாலையும் போய்விடும்.

ஸ்லாப்பிலும் போலி உண்டு. ஒவ்வொரு ஸ்லாப்பிலும் ஒரு சான்று எண் இருக்கும். பிசிஜிஎஸ், என்ஜிசி இரண்டின் தளத்திலும் அந்த எண்ணைப் போட்டால் எந்தக் காசு, என்ன தரம் என்று வரும். பல காசுகளுக்குப் படமும் வரும். எண் சரியாக வந்ததோடு திருப்தியாகிவிடக் கூடாது. போலி செய்பவர்கள் உண்மையான எண்ணைத்தான் நகலெடுக்கிறார்கள். ராஜாவின் கன்னத்தில் ஒரு கீறல், உருவமோ எழுத்தோ இல்லாத வெற்றிடத்தில் ஒரு புள்ளி, இப்படி ஏதாவது இரண்டு அடையாளத்தைப் பிடித்துக்கொண்டு, படத்தில் அதே இடத்தில் அதே கீறல் இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். பெட்டியின் ஓரம் பிளந்து ஒட்டியதுபோல் இருந்தாலும், பெட்டிக்குள் இருக்கும் விவரச் சீட்டின் எழுத்து மங்கலாக இருந்தாலும் விலகிவிடுங்கள்.

அந்த நிறுவனங்கள் இதுவரை எத்தனை காசுக்கு எந்தத் தரம் போட்டிருக்கின்றன என்ற கணக்கையும் வெளியிடுகின்றன. "இந்தத் தரத்தில் உலகத்திலேயே மூன்றுதான்" என்று விற்பவர்கள் சொல்வது அந்தக் கணக்கை வைத்துத்தான். அது இதுவரை அனுப்பப்பட்ட காசுகளின் கணக்கு, இருக்கும் காசுகளின் கணக்கு அல்ல. நம் நாட்டு வீடுகளில் இருக்கும் பழைய காசுகளில் பெரும்பகுதி அந்த நிறுவனங்களின் வாசலையே மிதித்ததில்லை. தென்னிந்தியப் பணம், வராகன் போன்ற பழைய தங்கக் காசுகளில் எண்ணிக்கை குறைவாகத் தெரிந்தால், அனுப்பியவர்கள் குறைவு என்றும் இருக்கலாம். இதற்காகப் பெரிய தொகை கொடுத்துவிடாதீர்கள்.

காசைப் பார்த்து வாங்குங்கள், சீட்டைப் பார்த்து அல்ல. ஒரே எம்எஸ் 63 என்று போட்ட இரண்டு காசில் ஒன்று கண்ணுக்கு இதமாக இருக்கும், இன்னொன்று கன்னம் முழுக்க இடிபட்டு இருக்கும். எப்போதும் முதலாவதை எடுங்கள்.

எதைச் சேர்ப்பது

எல்லாவற்றையும் சேர்க்க நினைத்தால் எதுவும் முடியாது. முடிவுள்ள ஒரு தொகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். எனக்குப் பிடித்தது, 'தலைக்கு ஒன்று' தொகுப்பு. இளம் விக்டோரியாவில் கேடயம் ஒன்று, குதிரை ஒன்று, நடுவயது விக்டோரியா, முதிய விக்டோரியா, எட்வர்ட், ஜார்ஜ். ஆறு காசு. அவசரமில்லாமல் வருடத்துக்கு ஒன்று என்று வாங்கலாம்.

இன்னும் அழகான தொகுப்பு 1918. அந்த ஆண்டு சவரன் அடித்தவை பம்பாய், சிட்னி, மெல்போர்ன், பெர்த், ஒட்டாவா ஆகிய ஐந்து அக்கசாலைகள்தான். ஐந்து காசில் ஒரு போர்க்கால உலகமே வந்துவிடும். பம்பாய்க் காசு நடுத்தரமான தரத்தில் எளிதாகக் கிடைக்கும், கூடுதலும் அதிகம் இருக்காது. அதனால் அதை முதல் காசாக வாங்கச் சொல்வேன்.

'ஐ' எழுத்தைப் பார்த்ததும் ஆண்டையும் பாருங்கள். 2013 முதல் எம்எம்டிசி-பாம்ப் நிறுவனம் ராயல் மின்ட் உரிமத்தோடு இந்தியாவில் அடிக்கும் புது சவரனிலும் அதே 'ஐ' உண்டு. நல்ல காசு, ஆனால் பழையது அல்ல. 2015-ல் வந்த அசோகச் சக்கரம் போட்ட இந்தியத் தங்கக் காசும் அப்படித்தான். அவற்றைத் தங்கமாக வாங்குங்கள்.

கையில் கொஞ்சம் அனுபவம் வந்தபின் பிரிட்டிஷ் இந்தியாவின் மொகர் என்ற தங்கக் காசின் பக்கம் போகலாம். 11.66 கிராம், அதாவது ஒரு தோலா, 22 காரட். விக்டோரியா மொகர்களில் பின்னாளில் அதே அச்சில் மறுபடி அடித்த காசுகளும் சுற்றுகின்றன. அசல் வெளியீடா மறு அடிப்பா என்று ஸ்லாப் சீட்டில் குறிப்பிட்டிருப்பதைப் படித்து வாங்க வேண்டும்.

விஜயநகர வராகனும் கும்பினியாரின் நட்சத்திர வராகனும் 3.4 கிராம் அளவில் இருக்கும். கிருஷ்ணதேவராயர் காசில் பாலகிருஷ்ணன், அச்சுதராயர் காசில் கண்டபேருண்டம் என்ற இருதலைப் பறவை. பார்த்தாலே மனம் போகும். சோழர் தங்கக் காசும் பாண்டியர் காசும் அதைவிட. ஆனால் இவற்றை நான் தொடக்கக்காரருக்குச் சொல்வதில்லை. கையால் அடித்த காசு என்பதால் ஒவ்வொன்றும் வேறு வேறு உருவம், போலியைப் பிடிப்பது கடினம். முதலில் பாளையங்கோட்டை அரசு அருங்காட்சியகத்திலும், முடிந்தால் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்திலும் நேரில் பாருங்கள். அசலை நிறையப் பார்த்த கண்தான் போலியில் தடுக்கும்.

எங்கே வாங்குவது

உள்ளூர் நகைக்கடைகளில் பழைய தங்கமாக வரும் சவரன்களைச் சில முதலாளிகள் உருக்காமல் ஒதுக்கி வைப்பார்கள். பழக்கம் பிடித்துவைத்தால் சொல்லி அனுப்புவார்கள். அங்கே பவுன் விலைக்கு ஒட்டியே கிடைக்கும், சான்று இருக்காது. சாதாரண ஆண்டுகளை அங்கே வாங்கலாம்.

அபூர்வக் காசுக்கு ஏல நிறுவனங்கள்தான். மும்பையின் டோடிவாலா, பெங்களூரின் மருதர் ஆர்ட்ஸ் போன்றவை பட்டியலை இணையத்தில் போட்டு ஏலம் விடுகின்றன. பழைய ஏலங்களில் எந்தக் காசு எவ்வளவுக்குப் போனது என்பதையும் பார்க்கலாம். வாங்கும் முன் அதே காசு, அதே தரம் முன்பு என்ன விலைக்குப் போனது என்று பார்த்து உங்கள் உச்ச விலையைத் தாளில் எழுதிவிடுங்கள். ஏலத்தில் நீங்கள் கூறிய விலையோடு முடியாது, நிறுவனத்தின் கமிஷனும் ஜிஎஸ்டியும் அனுப்பும் செலவும் மேலே வரும். அந்த மொத்தத்தை வைத்துத்தான் உச்ச விலையைப் போட வேண்டும்.

பணம் வங்கி வழியாகவே போகட்டும். இரண்டு லட்சமும் அதற்கு மேலும் விற்பவர் ரொக்கமாகப் பெறுவதை வருமானவரிச் சட்டம் தடுக்கிறது. பில்லில் ஆண்டு, அக்கசாலை, எடை, சான்று எண் நான்கும் எழுதச் சொல்லுங்கள். 'பழைய காசு 1' என்று எழுதிய பில் நாளைக்கு உதவாது.

அப்புறம், "வீடு கட்ட அஸ்திவாரம் தோண்டும்போது குடத்தோடு கிடைத்தது, வெளியே சொல்ல முடியாது, பாதி விலைக்குத் தருகிறேன்" என்று பேருந்து நிலையத்திலோ தோட்டத்திலோ வந்து சொல்பவர்கள். முதலில் ஒன்றிரண்டு உண்மைத் தங்கக் காசைக் கொடுத்துச் சோதிக்கச் சொல்வார்கள். பெரிய தொகையோடு போகும் நாளில் பித்தளைதான் வரும். ஒருவேளை உண்மையிலேயே புதையல் என்றாலும் வாங்கக்கூடாது. ஏன் என்று அடுத்து.

சட்டம்

1878-ஆம் ஆண்டு புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்திருந்து கிடைக்கும் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் ஓராண்டு வரை சிறை. இது வெறும் பயமுறுத்தல் அல்ல, காரணம் இருக்கிறது. புதுக்கோட்டைப் பக்கம் 1898-ல் ஒரே இடத்தில் 501 ரோமானியத் தங்கக் காசுகள் கிடைத்தன. பலவற்றில் அரசர் முகத்தின் குறுக்கே வெட்டு. எந்த இடத்தில், எதனோடு சேர்ந்து கிடைத்தது என்ற செய்தி பதிவானதால்தான் தமிழ்நாட்டுக் கடல் வாணிகத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இன்றும் அந்தக் குவியலை எடுத்துக்காட்டுகிறார்கள். ஒருவர் பிரித்து விற்றுவிட்டால் மிஞ்சுவது தங்கம் மட்டும்.

1972-ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டுக்கு மேற்பட்ட நாணயம் தொல்பொருள். வீட்டில் வைத்திருக்கலாம், ஆனால் தனியாள் நாட்டை விட்டு வெளியே அனுப்பக் கூடாது. 1918 சவரனும் இப்போது அந்தக் கணக்கில் வந்துவிட்டது. துபாயிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் பிள்ளைக்கு ஆச்சியின் காசைப் பெட்டியில் வைத்து அனுப்புவது சிக்கலில் முடியும். தரம் போடுவதற்காக நீங்களே அமெரிக்காவுக்கு அனுப்புவதற்கும் இதே தடைதான். அதனால்தான், நூறு ஆண்டைக் கடந்த காசுகளில் ஏற்கனவே ஸ்லாப்பில் உள்ளதை இந்தியாவுக்குள்ளேயே, ரூபாயில், பில்லோடு வாங்கச் சொல்கிறேன். தொல்பொருளை வியாபாரமாக விற்பவருக்கு உரிமம் வேண்டும், கேட்டுப் பாருங்கள். வெளிநாட்டு ஏலத்தில் வாங்க நினைத்தால் சுங்க விதிகள் அடிக்கடி மாறுகின்றன, சுங்க முகவரிடம் எழுத்தில் கேட்டுவிட்டே விலை கூறுங்கள்.

வைத்திருப்பதும் விற்பதும்

தங்கம் துருப்பிடிக்காது என்றாலும் 22 காரட்டில் உள்ள செம்பு, திருச்செந்தூர், தூத்துக்குடி உப்புக்காற்றில் சிவப்புப் புள்ளியாக வெளிவரக்கூடும். ஸ்லாப் இல்லாத காசை விலை மலிந்த பிவிசி உறைகளில் போடாமல், மைலார் உறையிலோ கடினமான காசுக் குப்பியிலோ வைத்து, பக்கத்தில் சிலிகா ஜெல் பொட்டலம் ஒன்று போடுங்கள். பிடிக்கும்போது ஓரத்தை மட்டும் பிடியுங்கள், கீழே மடித்த துண்டு ஒன்றை விரித்துக்கொள்ளுங்கள்.

வங்கி லாக்கரே நல்லது. ஆனால் தீ, திருட்டு, ஊழியர் மோசடி நடந்தால் வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையைப் போல் நூறு மடங்கு வரைதான் என்று ரிசர்வ் வங்கி வகுத்திருக்கிறது. வாடகை 3,000 என்றால் மூன்று லட்சம். அதற்கு மேல் மதிப்பிருந்தால் தனியாகக் காப்பீடு எடுங்கள். வருமானவரிச் சோதனை வந்தால் மணமான பெண்ணுக்கு 500 கிராம் வரை பறிமுதல் செய்வதில்லை என்று சொல்லும் அறிவுறுத்தல் நகைகளுக்கானது. காசுகளுக்கும் அது பொருந்தும் என்று நினைத்துக்கொண்டு பில்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

ஒவ்வொரு காசுக்கும் இரு பக்கப் படம், எடை, சான்று எண், வாங்கிய இடம், விலை எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி, வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லி வையுங்கள். சேகரித்தவர் போனபின் ஸ்லாப்பை உடைத்துக் காசை எடைக்குப் போட்ட குடும்பங்கள் இருக்கின்றன. நோட்டின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதுங்கள்: பெட்டியை உடைக்க வேண்டாம், நகைக்கடையில் கொடுக்க வேண்டாம், இந்த ஏல நிறுவனத்தைக் கேட்கவும்.

விற்கும்போது சாதாரண ஆண்டுகளுக்கு நகைக்கடை போதும். அபூர்வக் காசுக்கு நகைக்கடையும் அடகுக்கடையும் தங்கத்துக்கு மட்டும்தான் கொடுக்கும், ஆகவே ஏலத்துக்கு அனுப்புங்கள். பணம் கைக்கு வரச் சில மாதம் ஆகும், அதனால் கல்யாணத்துக்கு முந்தின வாரம் விற்கலாம் என்று திட்டமிடக் கூடாது. வாங்கி 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால் லாபத்துக்கு 12.5 சதவீதம் நீண்டகால மூலதன ஆதாய வரி. ஆச்சியிடமிருந்து வந்த காசு என்றால் ஆச்சி வைத்திருந்த காலமும் கணக்கில் சேரும். அவர் 2001 ஏப்ரல் 1-க்கு முன்பே வைத்திருந்தால் அன்றைய சந்தை மதிப்பையே வாங்கிய விலையாக எடுத்துக்கொள்ளலாம். பதிவு பெற்ற மதிப்பீட்டாளரிடம் அந்தத் தேதிக்கான மதிப்பீட்டை எழுத்தில் வாங்கி, ஏலத்துக்கு அனுப்பும் முன்பே ஆடிட்டரிடம் கொடுத்துவிடுங்கள்.